தூணுக்குக் கீழே ஒரு கல்

(போடிநாயக்கனூர் ஒன்றிய ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேசத் தொடங்கும் முன் ஒரு மரத்துண்டை உங்களிடம் தருகிறேன். முதல் வரிசையிலிருந்து கைமாறிக் கடைசி வரிசை வரைக்கும் போகட்டும். ஒரு முழ நீளம்தான் இருக்கும். முதலில் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். பச்சை எனாமல் பெயின்ட், அதன்மேல் ஒரு மஞ்சள் பூ. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது திருப்பி, அறுத்த முனையைப் பாருங்கள். மெதுவாகப் பிடியுங்கள், சார், விரல் பட்டாலே உதிரும். உள்ளே மரமே இல்லை. பாதி கறையான் மண், பாதி பஞ்சு.

அந்த மஞ்சள் பூவை வரைந்தது நான்தான்.

எங்கள் பள்ளி போடிக்கு மேற்கே, மலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். இந்தக் கதையில் ஒரு குழந்தை வருகிறாள், அவளை யாரும் அடையாளம் கண்டு விசாரிக்க வேண்டியதில்லை. 52 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். பெற்றோரில் பாதிப் பேர் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். விடிவதற்கு முன்பே ஜீப் வந்துவிடும். போடிமெட்டு ஏறிப் பூப்பாறை, சாந்தம்பாறைப் பக்கம் போய்விட்டு இருட்டும் நேரத்தில் திரும்புவார்கள். இந்த ஒன்றியத்தில் வேலை பார்க்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

2022 ஜூனில், பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கு ஒரு மர விளையாட்டு வீடு வாங்கி அனுப்பினார். இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகளில் பலகை பலகையாக வந்தது. நான்கு கால், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் ஒரு தளம், மூன்று படி ஏணி, முன்னால் சிறு திண்ணை, ஒரு கதவு, ஒரு ஜன்னல். பைன் மரம். கூடவே ஒரு படம் போட்ட தாள், ஒரு பை நிறைய ஸ்க்ரூ.

இரண்டு நாளில் நானும் உதவி ஆசிரியரும் ஊர் ஆசாரியும் சேர்ந்து பூட்டிவிட்டோம். அதில் செய்த சில தவறுகளை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் இப்படி ஒரு பெட்டி வரலாம். பள்ளி நடக்கும்போதே வேலையை ஆரம்பித்தோம். பிள்ளைகளுக்குத் தாங்க முடியாத ஆசை, சுற்றிச் சுற்றி வந்தார்கள். பாதி பூட்டிய சுவர்ப் பலகை என்பது நிற்பது போலத் தெரியும், நிற்காது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. சனி, ஞாயிறில் செய்திருக்க வேண்டும், சுற்றிக் கயிறு கட்டியிருக்க வேண்டும். இரண்டாவது, பலகை ஓரத்தில் முன்துளை போடாமல் ஸ்க்ரூவை நேராக ஏற்றினோம். நான்கு பலகை வெடித்தது. ஸ்க்ரூவைவிடச் சற்று மெல்லிய துளையை முதலில் போட்டுவிட்டால் மரம் பிளக்காது. ஆசாரி சொல்லத்தான் செய்தார், அவசரம் எங்களுக்கு. மூன்றாவது, எத்தனை ஸ்க்ரூ வந்தது, எத்தனை ஏறியது என்று எண்ணவில்லை. ஒரு வாரம் கழித்து இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் உள்ளங்காலில் ஒன்றைக் கண்டுபிடித்தான். இப்போது எந்த மரவேலை நடந்தாலும் முடிந்ததும் அறிவியல் பெட்டியிலிருக்கும் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையெல்லாம் இழுக்கிறோம்.

நான்காவது தவறுதான் உங்கள் கையில் இருக்கிறது. கால்கள் ஆடக்கூடாது என்று இரண்டடிக் குழி தோண்டி, காலை நட்டு, சுற்றிக் கான்கிரீட் போட்டோம். அசையாமல் நின்றது. ஆடிக் காற்றில் போடிப் பக்கம் எதெல்லாம் பறக்கும் என்று உங்களுக்குத் தெரியும், இந்த வீடு துளி நகரவில்லை. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வீட்டில் பிள்ளைகள் என்ன விளையாடினார்கள் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் அம்மா அப்பா விளையாட்டை எதிர்பார்த்தேன். அது ஒரு வாரம்தான் ஓடியது. பிறகு அந்த வீடு ஜீப் ஆனது. ஒருவன் ஏணியில் தொங்கிக்கொண்டு, "பூப்பாறை, பூப்பாறை, ரெண்டு பேரு ஏறு, ரெண்டு பேரு" என்று கூவுவான். பிறகு ஏலக்காய் ஸ்டோர் ஆனது, புளியங்கொட்டையைக் காயப்போட்டுப் பொறுக்கித் தரம் பிரித்தார்கள். போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையம் இருப்பது பிள்ளைகளுக்கும் தெரியும் அல்லவா, ஒரு நாள் அந்த வீடு ஏல மையமும் ஆகிவிட்டது. வகுப்பில் வாயே திறக்காத மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஜன்னல் வழியே தலையை நீட்டி விலை கேட்டாள், விலை ஏற்றினாள், கிலோவுக்கு என்ன, நூறு கிலோவுக்கு என்ன என்று மனக்கணக்கில் சொன்னாள். மூன்று வருடமாக அவளுக்குப் பெருக்கல் வரவில்லை என்று எழுதிவைத்திருந்த எனக்கு அன்று வெட்கமாக இருந்தது.

2023 ஆகஸ்ட் 25 முதல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதன்பின் பிள்ளைகள் எட்டு மணிக்கே வந்துவிடுகிறார்கள், சிலர் ஏழரைக்கே. வீட்டில் ஆள் இல்லை, என்ன செய்வார்கள். சமைக்கும் அக்கா அடுப்படியில் இருப்பார். நாங்கள் வர எட்டே முக்கால் ஆகும். இடைப்பட்ட நேரம் முழுக்கப் பிள்ளைகள் அந்த மர வீட்டில்தான். விளையாட்டு நேரத்தில் எங்கள் கண்முன் பத்துப் பேர் ஏறும் வீடு என்று நினைத்துப் பூட்டினோம். அதன் முக்கால்வாசி உபயோகம் நாங்கள் இல்லாத நேரத்தில் நடக்கிறது என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை.

2024 ஏப்ரலில் ஆண்டு விழா. வீட்டின் அடிப்பக்கம் பெயின்ட் உப்பி நின்றது. ஆசாரி வந்து பார்த்தார், குனிந்து முன்பக்க இடது காலை விரலால் சுண்டினார். "சத்தம் சரியில்ல டீச்சர். மண்ணுக்கிட்ட ஒரு தடவ தோண்டிப் பாத்துக்கிருவோம்" என்றார். விழாவுக்கு மூன்று நாள்தான் இருந்தது. விழா முடியட்டும் என்றேன். உப்பிய இடத்தைச் சுரண்டி, பட்டி போட்டு, எனாமல் அடித்து, பூவும் வரைந்தேன். வந்தவர்கள் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். விழா முடிந்தது, விடுமுறை வந்தது, நான் மறந்துவிட்டேன்.

நவம்பரில் விடாத மழை. ஒரு காலை எட்டேகால் மணிக்கு, திண்ணையில் நான்கு பிள்ளைகள் நின்றிருந்தபோது அந்தக் கால் மண் மட்டத்தில் ஒடிந்தது. திண்ணை ஒரு பக்கமாகச் சரிந்தது. மூன்று பேர் குதித்துவிட்டார்கள். நான்காவதாக நின்றவள் கைப்பிடியைப் பிடித்தபடியே விழுந்தாள், இடது முன்கை முறிந்தது. ஏலம் கூவிய அதே பெண்.

நான் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது சமைக்கும் அக்கா அவள் கையை ஒரு கரண்டிக் காம்போடு சேர்த்துத் துண்டால் கட்டி மடியில் கிடத்தி வைத்திருந்தார். அதைவிடச் சரியான முதலுதவியை நான் செய்திருக்க மாட்டேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. எலும்பு கூடிவிட்டது, இப்போது நன்றாக இருக்கிறாள்.

இனி, அந்தக் கால் ஏன் அங்கே ஒடிந்தது என்பதைச் சொல்கிறேன். பக்கத்து உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர் தன் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களோடு வந்து, நான்கு கால்களையும் தோண்டி எடுத்து, நீளவாக்கில் அறுத்துக் காட்டினார். நான்கிலும் ஒரே இடத்தில்தான் கேடு. மண்ணுக்கு மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண். அதற்கு மேலே மரம் திடமாக இருந்தது. கான்கிரீட்டின் அடியில் இருந்த நுனியும் ஏறக்குறைய நன்றாகவே இருந்தது.

மரத்தை மட்கச் செய்வது பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. மேலே காற்று உண்டு, மழை விட்டதும் காய்ந்துவிடும். இரண்டும் ஒன்றாக நாள்கணக்கில் இருப்பது மண் மட்டத்தில்தான். மரத்திலுள்ள ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளர்வதில்லை, எனவே மழையில் நனைவதைவிடக் காயாமல் இருப்பதுதான் கெடுதல். நாங்கள் போட்ட கான்கிரீட் என்ன செய்தது? காலைச் சுற்றி ஒரு கிண்ணம் மாதிரி நின்று தண்ணீரைப் பிடித்து வைத்தது. கறையானுக்கு மண்ணிலிருந்து நேரே ஏற வழியும் ஆயிற்று. எனாமல் பெயின்டோ உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் மூடிக்கொண்டது. நான் பூ வரைந்தபோதே உள்ளே பாதி போயிருக்கும்.

அன்று ஆசாரி ஒன்று சொன்னார். "நம்ம தாத்தன் வீட்டுத் திண்ணையப் பாருங்க டீச்சர். எந்தத் தூணாச்சும் மண்ணத் தொடுதா? கீழ ஒரு கல்லு இருக்கும்." நூறு வருடம் நின்ற வீடுகளைப் பார்த்தபடிதான் நாம் எல்லாரும் வளர்ந்தோம். அந்தக் கல்லை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த வாரம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். வீட்டைப் பிரித்து எறிந்துவிடலாம் என்று பலர் சொன்னார்கள். நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன். பயம். அப்போது அந்தக் குழந்தையின் அம்மா பேசினார். "நாங்க விடியக்காலம் வீட்டப் பூட்டிட்டுத்தான் போறோம். சாவி பக்கத்து வீட்ல. இங்கயாச்சும் அதுக்கு ஒரு வீடு தொறந்து கெடக்கட்டும் டீச்சர். ஒழுங்காக் கட்டுங்க." அதற்குமேல் யாரும் பேசவில்லை.

ஒழுங்காகக் கட்டுவது என்றால் என்ன என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் பொது விளையாட்டிடங்களுக்கு ஒரு கையேடு வைத்திருக்கிறது. அதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட செய்தி விழுவதைப் பற்றியது அல்ல, இடைவெளியைப் பற்றியது. கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவிலோ, படிகளுக்கு நடுவிலோ மூன்றரை அங்குலத்துக்கு மேல், ஒன்பது அங்குலத்துக்குக் கீழ் இடைவெளி இருக்கக் கூடாது. மூன்றரைக்குக் கீழ் என்றால் குழந்தையின் உடம்பே நுழையாது. ஒன்பதுக்கு மேல் என்றால் தலையும் வெளியே வந்துவிடும். நடுவில் இருக்கும் அளவுதான் ஆபத்து. சின்னப் பிள்ளை காலை முதலில் விட்டு நழுவும், உடம்பு போய்விடும், தலை மாட்டிக்கொள்ளும், காலுக்குத் தரை எட்டாது. எங்கள் திண்ணைக் கம்பிகளை அளந்தேன். ஐந்து அங்குலம். இரண்டரை ஆண்டாக அது அப்படியே நின்றிருக்கிறது. கை முறிந்ததோடு போயிற்றே என்று அன்றுதான் முழுதாக உறைத்தது.

மூன்றரை அங்குல அகலத்தில் ஒரு கட்டை, ஒன்பது அங்குல அகலத்தில் ஒரு கட்டை, இரண்டையும் ஆசாரியிடம் வெட்டி வாங்கிக்கொண்டேன். சின்னக் கட்டை நுழைந்து பெரிய கட்டை நுழையாத இடமெல்லாம் தவறான இடம். ஐந்தாம் வகுப்பில் அளத்தல் பாடத்துக்கு இதைக் கொடுத்தேன். பிள்ளைகள் வீட்டோடு நிற்கவில்லை. மாடிப்படிக் கைப்பிடி, வாசல் கிராதி என்று பள்ளி முழுவதும் அளந்து ஒரு பட்டியலே கொண்டுவந்தார்கள். அந்தப் பட்டியலுக்கு வேறு செலவு ஆயிற்று, அது தனிக் கதை.

புது வீட்டைக் கட்டியபோது தளத்தை ஓரடி உயரத்துக்கு இறக்கிவிட்டோம். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், ஜீப் சின்னதாகிவிட்டதாம். ஏணி போய், ஒரே ஒரு படி. சுற்றிலும் ஆறடிக்குக் கல், சுவர், மரம், கொடிக்கம்பம் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்தோம். பழைய இடம் முருங்கை மரத்தடி. நிழலுக்காக அங்கே வைத்தது. முருங்கைக் கிளை எவ்வளவு சுலபமாக முறியும் என்று நமக்குத் தெரியாதா, அதோடு மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வேறு. கீழே சிமெண்ட் தளம் போடச் சொன்னார்கள், வேண்டாம் என்றேன். ஒன்பது அங்குல ஆழத்துக்கு மணல் கொட்டினால் நான்கடி உயரத்திலிருந்து விழும் குழந்தைக்கும் அது தாங்கும் என்கிறது அதே கையேடு. ஆனால் மணல் இறுகிப் போகும். வாரம் ஒருமுறை மண்வெட்டியால் கிளறிவிடாவிட்டால் அது மணல் அல்ல, தரை.

மரத்துக்குப் போடியில் பழைய வீட்டு மரம் விற்கும் கடைக்குப் போனோம். இடித்த வீடுகளின் தேக்கு விட்டம், நிலைச்சட்டம் கிடைத்தது. மலிவாக இலவ மரப்பலகையும் கிடைக்கும், இலவம் பஞ்சுக்குப் பேர்போன ஊர் இது. அந்தப் பலகை பெட்டி அடிக்கத்தான் ஆகும், வெளியே நிற்காது. தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக்கும் மண்ணருகே வைக்க ஏற்றதல்ல. பழைய மரத்தில் இரண்டு எச்சரிக்கை. முழுக்க ஆணி பிடுங்க வேண்டும். பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும், பள்ளிக்குள் வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தத் தூள்தான் விஷம். புதுப் பெயின்ட் வாங்கும்போது டப்பாவில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு மேல் இல்லை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2017 நவம்பரிலிருந்து நம் நாட்டில் அதுதான் சட்டம்.

கறையானுக்குக் கழிவு ஆயில் பூசுவது நம் பக்கத்து வழக்கம். பிள்ளைகள் கட்டிப்பிடிக்கும் மரத்தில் அது வேண்டவே வேண்டாம், தோலில் ஒட்டும், கெடுதலானது. பச்சை பாய்ந்த மரம் ஒன்று கிடைக்கும், அழுத்தம் கொடுத்து மருந்து ஏற்றியது. அதில் ஆர்சனிக் கலந்த வகை உண்டு. 2003 கடைசியோடு அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அப்படிப்பட்ட மரத்தின் மிச்சத்தைச் சத்துணவு அடுப்பில் எரித்துவிடாதீர்கள், தயவுசெய்து. நாங்கள் பூசியது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். அதிலும் ஒரு விஷயம்: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

காலுக்குக் கீழே கல். அந்தக் கல்லும் பழைய வீடு ஒன்றிலிருந்தே கிடைத்தது. ஆனால் வெறும் கல்லின்மேல் நிறுத்தினால் ஆடிக் காற்று தூக்கிவிடும், அதனால் கீழே கான்கிரீட்டில் இரும்புப் பட்டை பதித்து, பக்கவாட்டில் மரத்தோடு சேர்த்து போல்ட் போட்டோம். போல்டின் முனை நட்டுக்கு வெளியே இரண்டு மறைக்கு மேல் நீட்டக் கூடாது. நீட்டினால் சட்டை மாட்டும், முழங்கால் கிழியும். அறுத்துவிட்டு மூடி போட்டோம்.

கதவை வைக்கவே இல்லை. கீல் பக்கத்து இடுக்கில் நசுங்கும் விரல்களை நினைத்து முதலில் விட்டோம். பிறகு வேறொன்றும் தோன்றியது. உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய, வெளியிலிருந்து பார்க்க முடியாத ஓர் அறை பள்ளி வளாகத்தில் இருக்கவே கூடாது. இரண்டு பக்கமும் பெரிய ஜன்னல் வைத்தோம், சமையற்கூடத்து வாசலில் நின்றால் உள்ளே எத்தனை தலை என்று எண்ணலாம். இதைச் சமைக்கும் அக்காவிடம் கேட்டுத்தான் திசை பார்த்து வைத்தோம்.

அடையாள அட்டை நாடா, துப்பட்டா, ஸ்வெட்டர் கயிறு, எல்லாம் படிக்கு அருகே ஒரு கொக்கியில். நுழையும் முன் கழற்றி மாட்ட வேண்டும். வீட்டில் கயிறு கட்டித் தொங்கவிடக் கூடாது. இதில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாக இருக்கிறேன், பிள்ளைகளுக்கு என்மேல் கோபம்தான்.

பாம்பு, தேள், பூரான் பற்றி யாராவது கேட்பீர்கள். தளத்துக்கு அடியில் நான்கு பக்கமும் திறந்தே வைத்திருக்கிறோம், குனிந்தால் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஏதோ அடைந்திருக்கிறது, குப்பையோ வேறெதுவோ. கூரை இடுக்கில் குளவி கூடு வைக்கும், அதைப் பிள்ளைகள் கலைக்கக் கூடாது, பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். காலையில் முதலில் வருபவர் ஒரு குச்சியால் சுவரை நான்கு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். இதை விதியாகச் சொன்னபோது யாரும் கேட்கவில்லை. "வீட்டுல யாரு?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டுத் தட்டுவது என்று பிள்ளைகளே மாற்றிக்கொண்டார்கள், அன்றிலிருந்து ஒருவரும் மறப்பதில்லை.

இவ்வளவும் கட்டும் வேலை. நான்கு நாளில் முடிந்தது. நான் உண்மையில் பேச வந்தது ஐந்தாம் நாளிலிருந்து என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான். முதல் வீடும் ஐந்தாம் நாளில் நன்றாகவே இருந்தது.

ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறோம். இன்னொரு பதிவேடா என்று நீங்கள் முனகுவது கேட்கிறது, எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் இதை எந்த அதிகாரியும் கேட்பதில்லை, அதனாலேயே இதில் பொய் எழுத வேண்டிய தேவை இல்லை. திங்கட்கிழமை தோறும் ஐந்தாம் வகுப்பில் இரண்டு பேரும் ஓர் ஆசிரியரும் வீட்டைச் சுற்றி வருகிறோம். ஆசிரியர் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். ஒவ்வொரு காலையும் அடியில் குத்திப் பார்ப்பது, சுண்டிக் கேட்பது. நல்ல மரம் கணீரென்று சொல்லும், கெட்ட மரம் பொத்தென்று சொல்லும். ஸ்க்ரூ டிரைவர் கால் அங்குலம் தடையில்லாமல் இறங்கினால் வீட்டுக்கு அன்றே கயிறு கட்டி விடுமுறை. சிலாம்பு எழுந்திருக்கிறதா என்று பலகையை ஒரு பழைய நைலான் துணியால் துடைத்தால் துணி மாட்டும் இடம் தெரிந்துவிடும், கையால் தடவ வேண்டாம். ஆனி மாதம் காற்றுக்கு முன்பும், கார்த்திகை மழைக்குப் பின்பும் ஆசாரி வந்து எல்லா போல்டையும் முறுக்கிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். அவருக்குக் கூலி பள்ளி மானியத்திலிருந்து கொடுக்கிறோம், ஓசியில் கேட்பதில்லை. ஓசியில் கேட்டால் விழா முடியட்டும் என்று சொல்லும் துணிச்சல் நமக்கு வந்துவிடுகிறது.

கால்களின் அடி ஒரு முழத்துக்கு இனி எனாமல் கிடையாது. எண்ணெய் மட்டும். மரம் மரமாகத் தெரிய வேண்டும்.

கட்டுப் பிரித்து அந்தப் பெண் பள்ளிக்கு வந்த அன்று நேரே வீட்டுப் பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போனேன், ஏறுவாளோ மாட்டாளோ என்று. அவள் ஏறவில்லை. குனிந்து முன்பக்க இடது காலைப் பார்த்தாள். கல்லைத் தொட்டுப் பார்த்தாள். "இது ஆடாதா டீச்சர்?" என்றாள். ஆடாது என்று நான் சொல்லியிருக்கலாம். பழைய கால் ஆடாது என்றும் நான்தான் நினைத்திருந்தேன். ஸ்க்ரூ டிரைவரை அவளிடம் கொடுத்து, நீயே பார் என்றேன். நான்கு காலையும் குத்தினாள், நான்கையும் சுண்டிக் காது வைத்துக் கேட்டாள். அவள் அப்போது நான்காம் வகுப்புக்கு வரவில்லை, இருந்தாலும் அந்த வாரம் நோட்டில் எழுதியது அவள்தான். "நாலு காலும் நல்ல சத்தம்" என்று எழுதித் தேதி போட்டிருக்கிறாள். எழுதிவிட்டு ஏறிப்போய் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

அந்த நோட்டும், இரண்டு அளவுக் கட்டைகளும், கல்லும் பட்டையும் பொருத்தும் விதத்தை ஆசாரி வரைந்து கொடுத்த படமும் மேசைமேல் இருக்கின்றன. உங்கள் பள்ளியில் மர வீடு இல்லாவிட்டாலும் ஊஞ்சலோ சறுக்கோ நிச்சயம் இருக்கும், கட்டைகளை இரவல் எடுத்துப் போய் அளந்துவிட்டுக் கொண்டுவந்து கொடுங்கள். அந்த மரத்துண்டு இப்போது யாரிடம் இருக்கிறது? கடைசி வரிசையிலா? தேநீர் முடிந்ததும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள், திங்கட்கிழமை அதைப் பள்ளியில் வைத்தாக வேண்டும்.